ஏபிஐ கீ உருவாக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலி ஒன்றில் பயனர்கள் பெருகியதும், தங்கள் மென்பொருளை அதோடு நேரடியாக இணைக்க வழி கேட்பார்கள். அந்த வழிதான் ஏபிஐ, அதில் நுழையக் காட்டும் ரகசியச் சாவிதான் ஏபிஐ கீ. கணக்கு அமைப்புகள் பக்கத்தில் ‘புதிய கீ உருவாக்கு’ என்று ஒரு பட்டன் சேரும். அதன் பின்னால் உள்ள நிரல் பத்து வரியைத் தாண்டாது என்பதால், லாகின் பக்கத்துக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. இது ஆபத்தான அலட்சியம். கடவுச்சொல் திருடுபோனால் ஓடிபி குறுக்கே நிற்கும், ‘புதிய கருவியிலிருந்து லாகின்’ என்று பயனருக்கு மின்னஞ்சல் போகும். ஏபிஐ கீக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது. கீயைக் கையில் வைத்திருப்பவரையே பயனர் என்று சர்வர் நம்பிவிடுகிறது.

கீயின் பலத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கீயாகும் தற்செயல் எண் எங்கே பிறந்தது, பிறந்த பிறகு அதன் நகல் எத்தனை இடங்களில் தங்கியது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிட்டதால் வருபவை.

எண் பிறக்கும் இடம்

ஜாவாஸ்கிரிப்டில் ‘மேத்.ரேண்டம்’ தரும் எண்ணை 36 அடிமான எழுத்துகளாக மாற்றி, முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கீயாகக் கொடுக்கும் வரி இணையமெங்கும் நகலாகிக் கிடக்கிறது. வெளியே வருவது பார்வைக்குக் குழப்பமான எழுத்துக் கோவைதான். ஆனால் குரோம் உலாவியிலும், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலும் உள்ள வி8 எஞ்சின் இந்த எண்களை எக்ஸார்ஷிஃப்ட்128+ என்ற அல்காரிதத்தால் தயாரிக்கிறது. அது வேகத்துக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து வந்த சில எண்களைப் பார்த்தாலே அடுத்த எண்ணைத் தீர்மானிக்கும் அதன் 128 பிட் உள்நிலையைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். உள்நிலை தெரிந்துவிட்டால் அடுத்து வரப்போகும் எண்களும் தெரிந்துவிடும்.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான். பைத்தானின் ‘ரேண்டம்’ மாட்யூல் மெர்சென் ட்விஸ்டர் என்ற அல்காரிதத்தைப் பயன்படுத்துகிறது. அதிலிருந்து வரும் 32 பிட் எண்கள் 624 கிடைத்தால் உள்நிலை முழுவதும் கையில் வந்துவிடும். ஜாவாவின் சாதாரண ‘ரேண்டம்’ கிளாஸுக்கு உள்நிலையே 48 பிட்தான். அடுத்தடுத்து வந்த இரண்டு முழு எண்கள் போதும், மிச்சத்தை எந்த மடிக்கணினியும் முயன்று கண்டுபிடித்துவிடும். பிஎச்பியின் ‘யூனிக்ஐடி’ மைக்ரோவிநாடி வரையான நேரத்தைப் பதினாறடிமானத்தில் எழுதித் தருகிறது. அதில் ரகசியம் என்று எதுவுமே இல்லை.

“அந்த எண்களைத் தாக்குபவர் எப்படிப் பார்ப்பார்?” என்று கேட்கலாம். அவரும் உங்கள் தளத்தில் ஒரு கணக்குத் திறப்பார். பட்டனை அடுத்தடுத்து அழுத்தித் தனக்கே சில கீகள் வாங்குவார். அவை எல்லாம் நியாயமாக அவருக்குச் சேர வேண்டிய கீகள். அவற்றிலிருந்து உள்நிலையைக் கணக்கிட்டு, அடுத்து பதிவு செய்யும் வாடிக்கையாளருக்கு என்ன கீ போகும் என்று ஊகித்துவிடுவார். டேட்டாபேஸை உடைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

சரியான வழி எல்லா மொழியிலும் தயாராக இருக்கிறது, கூடுதல் லைப்ரரி எதுவும் வேண்டாம். பைத்தான் 3.6 முதல் ‘சீக்ரெட்ஸ்’ மாட்யூல் உண்டு. நோடில் ‘கிரிப்டோ.ரேண்டம்பைட்ஸ்’, பிஎச்பி 7 முதல் ‘ரேண்டம்_பைட்ஸ்’, ஜாவாவிலும் ரூபியிலும் ‘செக்யூர்ரேண்டம்’, கோ மொழியில் ‘கிரிப்டோ/ரேண்ட்’. இவை இயங்குதளத்தின் கர்னல் திரட்டி வைத்திருக்கும் என்ட்ரோபியை (ஊகிக்க முடியாத தற்செயல் தகவலை) அடிப்படையாகக் கொண்டவை. முன்பு வந்த எண்களை எத்தனை பார்த்தாலும் அடுத்ததை ஊகிக்க முடியாதபடி வடிவமைக்கப்பட்டவை. இவற்றுக்கு நீங்களாக ‘சீட்’ (தொடக்க எண்) கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தற்போதைய நேரத்தை சீடாக ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு தவறு, பயனரின் மின்னஞ்சலையும் நேரத்தையும் ஒட்டி எம்டி5 என்ற ஹாஷ் போட்டுக் கீயாக்குவது. ஹாஷ் என்பது உள்ளே போனதைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி கலக்கிக் கொடுக்கும், உள்ளே இல்லாத ரகசியத்தை உண்டாக்காது. நேரம் விநாடிக் கணக்கில் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கீ உருவான நாள் தெரிந்தவர் முயல வேண்டிய சாத்தியங்கள் 86,400 மட்டுமே. எம்டி5-க்குப் பதில் ஷா-512 போட்டாலும் அந்த 86,400 அதிகரிக்கப் போவதில்லை.

வெளித்தோற்றத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு டெபியன் லினக்ஸில் நடந்ததை விடப் பெரிய சான்று வேண்டாம். 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பில் செய்த ஒரு சிறு திருத்தம் என்ட்ரோபி சேர்க்கும் வரிகளை எடுத்துவிட்டது. மிஞ்சிய ஒரே மாறுபாடு, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் ப்ராசஸ் எண். அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768. ஆகவே ஒவ்வொரு வகை, நீள எஸ்எஸ்எச் கீக்கும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் கீ) அவ்வளவுதான் சாத்தியங்கள். 2008 மே மாதம் வெளிச்சத்துக்கு வரும்வரை உலகெங்கும் சர்வர்கள் அந்தக் கீகளோடு ஓடின. ஒரு கீயைத் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. அதனால்தான் குறைபாடு அவ்வளவு காலம் மறைந்திருந்தது.

யூயூஐடி (ஒன்றுபோல் இன்னொன்று வராதபடி உருவாக்கும் 128 பிட் அடையாள எண்) பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அதையே கீயாகக் கொடுக்கிறார்கள். முதல் பதிப்பு யூயூஐடி நேரத்தையும் கணினியின் நெட்வொர்க் முகவரியையும் கொண்டு கட்டப்படுவது. அதை ஒருபோதும் தொடாதீர்கள். ஏழாம் பதிப்பில் முதல் 48 பிட் நேரம், தற்செயலுக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 74 பிட். நான்காம் பதிப்பில் 122 பிட் தற்செயல் உண்டு, அளவில் குறையில்லை. ஆனால் அந்தப் பிட்டுகள் பாதுகாப்பான மூலத்திலிருந்துதான் வருகின்றனவா என்பது லைப்ரரியைப் பொறுத்தது. யூயூஐடிகளை ஊகிக்கக் கடினமானவை என்று எண்ணி அணுகல் சாவியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4122 என்ற இணையத் தரநிலை ஆவணம் நேரடியாகவே எச்சரிக்கிறது. 32 பைட் வாங்க ஒரே வரி போதும் என்றிருக்கும்போது யூயூஐடிக்குப் போகத் தேவையில்லை.

நீளமும் எழுத்தாக்கமும்

32 பைட், அதாவது 256 பிட் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்ஸில் (பதினாறடிமானத்தில்) எழுதினால் 64 எழுத்து வரும். 64 குறிகளைக் கொண்டு எழுதும், யுஆர்எல்லுக்கு ஏற்ற பேஸ்64-இல் 43 எழுத்து. 16 பைட்டே போதுமான பலம்தான், ஆனால் கூடுதல் 16 பைட்டால் யாருக்கும் செலவு இல்லை.

இங்கே தவறு நடப்பது வெட்டும்போது. ‘கீ ரொம்ப நீளமாக இருக்கிறது’ என்று யாரோ சொல்ல, ஹெக்ஸ் கோவையின் முதல் 16 எழுத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். ஹெக்ஸில் ஓர் எழுத்துக்கு 4 பிட். 16 எழுத்தில் மிஞ்சுவது 64 பிட். 256 என்று தொடங்கியது கால் பங்காகிவிட்டது. குட்டையான கீ வேண்டுமென்றால் பைட்டுகளைக் குறைத்து, அடர்த்தியான எழுத்தாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்: 16 பைட்டைப் பேஸ்64-இல் எழுதினால் 22 எழுத்துதான்.

சாதாரண பேஸ்64-இல் வரும் +, /, = மூன்றும் தொல்லை. யுஆர்எல்லில் + இடைவெளியாக மாறிவிடும், / பாதையைப் பிரிக்கும். அதனால் பலர் எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டும் கொண்ட 62 குறிகளுக்குப் போகிறார்கள். நல்ல முடிவு, ஆனால் ஒவ்வொரு பைட்டையும் 62-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் சமநிலை கெடும். 256-இல் 62 நான்கு முறை போக 8 மிஞ்சும். ஆகவே முதல் 8 குறிகளுக்கு 256-இல் 5 வாய்ப்பு, மற்றவற்றுக்கு 4. நீளமான கீயில் இதனால் உடனடி ஆபத்து வந்துவிடாது. சரி செய்வதும் எளிது: 248-க்கும் அதற்கு மேலும் வரும் பைட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பைட் வாங்குங்கள். பைத்தானில் ‘சீக்ரெட்ஸ்.சாய்ஸ்’ இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

கீக்கு ஒரு முன்னொட்டு

வெறும் எழுத்துக் கோவையாகக் கீயைக் கொடுப்பது தவறு என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021 ஏப்ரலில் தன் டோக்கன் (அங்கே கீக்கு அந்தப் பெயர்) வடிவத்தை மாற்றியதைப் பார்த்தால் காரணம் புரியும். தனிநபர் டோக்கன் ‘ஜிஎச்பி’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் ஓர் அடிக்கோட்டோடும் தொடங்கும். அதன் பின் 30 தற்செயல் எழுத்துகள், கடைசி 6 எழுத்தில் சிஆர்சி32 சரிபார்ப்பு எண். முன்னொட்டு இருப்பதால், கீ தவறுதலாகப் பொதுவெளிக் களஞ்சியத்தில் ஏறினால் ஸ்கேனர்கள் உடனே அடையாளம் காணும். சரிபார்ப்பு எண் இருப்பதால், அது உண்மையான கீயா அல்லது உதாரணத்துக்கு எழுதியதா என்பது டேட்டாபேஸைத் தொடாமலே தெரியும். கோட்டில் கூட யோசனை இருக்கிறது: அடிக்கோடு இருந்தால் இரட்டைக் கிளிக்கில் முழுக் கீயும் தேர்வாகும், நடுக்கோடு இருந்தால் பாதியில் நின்று, அரைகுறைக் கீ நகலாகும்.

இணையக் கட்டணச் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் சோதனைக் கீயையும் உண்மைக் கீயையும் முன்னொட்டிலேயே பிரித்துவிடுகிறது. சோதனைச் சூழலில் உண்மைக் கீயைப் போட்டு வாடிக்கையாளரின் பணத்தை எடுத்துவிடும் விபத்தை நிரலே கண்டுபிடித்து நிறுத்த இது உதவும். உங்கள் கீக்கும் உங்கள் நிறுவனப் பெயரின் சுருக்கம், சூழல், அடிக்கோடு என்று ஒரு தலைப்பு கொடுங்கள். பயனரின் மின்னஞ்சலையோ அவருடைய நிறுவனப் பெயரையோ அதில் நுழைக்காதீர்கள். சரிபார்ப்பு எண் ரகசியத்தில் சேராது என்பதால், பிட் கணக்குப் போடும்போது அதை விட்டுவிட்டு எண்ணுங்கள்.

டேட்டாபேஸில் என்ன இருக்க வேண்டும்

கீயை அப்படியே டேட்டாபேஸில் வைத்தால், பழைய பேக்கப் ஒன்று வெளியேறினாலும், ஏதாவது ஒரு பக்கத்தில் உள்ளீடு வழியே டேட்டாபேஸ் கட்டளையை நுழைக்கவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் இருந்தாலும், எல்லா வாடிக்கையாளரின் கீகளும் ஒரே நாளில் பறிபோகும். ஹாஷை மட்டும் வையுங்கள். கீயை உருவாக்கிய கணம் ஒரே ஒரு முறை திரையில் காட்டுங்கள். அந்தப் பதிலுக்கு ‘நோ-ஸ்டோர்’ (சேமிக்காதே) என்ற கேச் ஹெடரை, அதாவது பதிலின் தலைப்பில் போகும் குறிப்பை, சேருங்கள். அதற்குப் பின் பட்டியலில் தெரிய வேண்டியது முன்னொட்டும் கடைசி நான்கு எழுத்தும்தான். ‘கீயை மறந்துவிட்டேன், திரும்பக் காட்டுங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்பார் என்று பயந்து, ஹாஷுக்குப் பதில் என்கிரிப்ட் செய்து வைப்பவர்கள் உண்டு. என்கிரிப்ட் செய்ததைத் திறக்கும் சாவியும் அதே சர்வரில்தான் இருக்கும், சர்வருக்குள் வந்தவர் இரண்டையும் எடுத்துப் போவார். மறந்தவருக்குப் புதிய கீ கொடுப்பதே சரியான பதில். (வெப்ஹுக், அதாவது சர்வர் தானாக வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்பும் செய்தி, அதன் கையொப்பத்துக்கான ரகசியம் மட்டும் விதிவிலக்கு: கையொப்பமிட சர்வருக்கு மூல எண் தேவை, அங்கே என்கிரிப்ஷன்தான் வழி.)

எந்த ஹாஷ் என்பதில் எதிர்த் திசைத் தவறும் நடக்கிறது. கடவுச்சொல்லுக்கு பிகிரிப்ட் என்ற ஹாஷ் நல்லது என்று படித்ததைக் கீக்கும் பொருத்துகிறார்கள். பிகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவானது, ஏனென்றால் மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொற்கள் எளிதில் ஊகிக்கக் கூடியவை. 256 பிட் தற்செயல் எண்ணை யாராலும் முயன்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒற்றை ஷா-256 போதும், சால்ட் (ஹாஷ் போடும் முன் கலக்கும் தற்செயல் கோவை) கூடத் தேவையில்லை. பிகிரிப்ட் போட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த மெதுவைச் சுமக்க வேண்டும். ஒரு சரிபார்ப்புக்கு 50 மில்லிவிநாடி என்றால், விநாடிக்கு 100 கோரிக்கை வரும் சர்வரில் ஐந்து கோர்கள் இதற்கே போய்விடும். ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி சால்ட் என்பதால் இண்டெக்ஸ் வைத்துத் தேடவும் முடியாது. இன்னும் ஒரு படி பாதுகாப்பு வேண்டுமானால், டேட்டாபேஸுக்கு வெளியே வைத்த ஒரு ரகசியத்தோடு எச்மேக்-ஷா-256 பயன்படுத்துங்கள்.

ஹாஷை 32 பைட் பைனரி நெடுவரிசையில் யூனிக் இண்டெக்ஸோடு சேமியுங்கள். மூலக் கீயையே டெக்ஸ்ட் நெடுவரிசையில் வைத்துத் தேடும் அமைப்புகளில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மூன்று குழிகள் வைத்திருக்கிறது. முதலாவது, அதன் வழக்கமான கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். நீங்கள் கணக்கிட்ட 62 குறிகள் நடைமுறையில் 36 ஆகிவிடும். இரண்டாவது, கீ இல்லாத பயனர்களுக்கு அந்த நெடுவரிசை வெற்றுக் கோவையாக இருந்தால், ஹெடரை வெறுமையாக அனுப்புபவர் அவர்களில் ஒருவராக உள்ளே வந்துவிடுவார். மூன்றாவதுதான் மிக மோசம். கோரிக்கையோடு வரும் ஜேசன் வடிவத் தரவில் கீயை வாங்கும் ஏபிஐக்கு ஒருவர் கோவைக்குப் பதில் 0 என்ற எண்ணை அனுப்புகிறார். எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்பதால் மைஎஸ்க்யூஎல் சேமித்த கோவைகளை எண்ணாக மாற்றும். எழுத்தில் தொடங்கும் கோவை எல்லாம் 0 ஆகும். முன்னொட்டோடு தொடங்கும் அத்தனை கீயும் அந்த 0-வோடு பொருந்திவிடும். முதலில் வகையைச் சோதித்து, பிறகு ஹாஷ் போட்டு, அந்தப் பைட்டுகளைத் தேடினால் மூன்று குழியும் மூடிவிடும்.

ஹாஷை நேரடியாகத் தேடாமல், கீயில் உள்ள ஓர் அடையாள எண்ணால் வரிசையை எடுத்து நிரலில் ஒப்பிடுகிறீர்கள் என்றால் சாதாரண சமக்குறி வேண்டாம். முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடும் ஒப்பீடு, எத்தனை எழுத்து பொருந்தியது என்பதை நேரத்தில் கசியவிடும். பைத்தானில் ‘எச்மேக்.கம்பேர்_டைஜெஸ்ட்’, நோடில் ‘டைமிங்சேஃப்ஈக்வல்’, பிஎச்பியில் ‘ஹாஷ்_ஈக்வல்ஸ்’ இதற்காகவே உள்ளன.

நகல்கள் தங்கும் இடங்கள்

டேட்டாபேஸைப் பூட்டிவிட்டு லாக் கோப்பைத் திறந்து வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. கடவுச்சொற்களை அவர்கள் பிகிரிப்ட் போட்டே சேமித்தார்கள். ஆனால் ஹாஷ் போடும் முன்பே அவை உள் லாக்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. ஏபிஐ கீக்கும் இதே நிலை வரலாம். கோரிக்கை ஹெடர்களை முழுதாக எழுதும் மிடில்வேர் (கோரிக்கைக்கும் செயலிக்கும் நடுவே ஓடும் நிரல்), பிழை வந்தால் மாறிகளின் மதிப்பையெல்லாம் வெளிச் சேவைக்கு அனுப்பும் பிழைக் கண்காணிப்புக் கருவி, ‘கீ உருவானது’ என்று கீயோடு சேர்த்தே எழுதும் டீபக் வரி ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். லாக்கில் கீயின் உள் அடையாள எண் இருந்தால் போதும்.

கீயை யுஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் வாங்குவதும் அதே விளைவைத் தரும். சர்வர் லாக், ப்ராக்ஸி லாக், உலாவி வரலாறு என்று யுஆர்எல் போகும் இடமெல்லாம் கீயும் போகும். ‘ஆத்தரைசேஷன்’ ஹெடரில் மட்டும் வாங்குங்கள், யுஆர்எல்லில் வந்தால் பிழையாகத் திருப்புங்கள்.

எச்டிடிபி முகவரிக்கு வரும் ஏபிஐ கோரிக்கையை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் வழக்கமும் ஏபிஐக்குப் பொருந்தாது. திருப்பும் பதில் போய்ச் சேரும் முன்பே கீ மூடப்படாமல் வலைப்பின்னலைக் கடந்துவிட்டது. வாடிக்கையாளரின் நிரலோ ஒவ்வொரு முறையும் திருப்பத்தைப் பின்பற்றி நன்றாகவே ஓடும், அதனால் முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டது யாருக்கும் தெரியாது. ஏபிஐ முகவரியில் எச்டிடிபியை மூடிவிடுங்கள், அல்லது தெளிவான பிழைச் செய்தி கொடுங்கள். அந்த வழியாக வந்த கீயை ரத்து செய்து உரியவருக்குத் தெரிவிப்பது இன்னும் நல்லது.

கீயை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். ‘உங்கள் கணக்கில் புதிய கீ உருவாக்கப்பட்டது’ என்ற அறிவிப்பை மட்டும், கீ இல்லாமல், கட்டாயம் அனுப்புங்கள். கீ உருவாக்கும் முன் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ மறுபடி கேளுங்கள். திறந்து விட்டுப் போன லாகினில் யாரோ உருவாக்கும் கீ, அந்த லாகின் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும்.

அதிகாரம், ஆயுள், ரத்து

ஒரே கீக்கு முழுக் கணக்கின் அதிகாரமும் கொடுப்பது முதல் பதிப்பில் சுலபம், பிறகு மாற்றுவது கடினம். படிக்க மட்டும், எழுத என்ற இரண்டு பிரிவாவது முதல் நாளே இருக்கட்டும். புதிய கீயின் இயல்பு நிலை ‘படிக்க மட்டும்’ என்றிருக்க வேண்டும். ஒரு கீயைக் கொண்டு இன்னொரு கீ உருவாக்க அனுமதிக்காதீர்கள். அனுமதித்தால், திருடியவர் தனக்கு வேறு கீ எடுத்துக்கொள்வார், மூலக் கீயை ரத்து செய்தும் பயனிருக்காது.

காலாவதி இல்லாத கீ எவ்வளவு காலம் வெளியே கிடக்கலாம் என்பதற்கு டொயோட்டாவின் அனுபவம் இருக்கிறது. டி-கனெக்ட் என்ற கார் இணையச் சேவையின் நிரலில் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுவாக ஏற்றிவிட்டது. தரவு சர்வருக்கான அணுகல் கீ அதில் இருந்தது. 2022 செப்டம்பரில்தான் அது தெரியவந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் எட்டக்கூடிய நிலையில் இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. 90 நாளோ ஓராண்டோ காலாவதி வைத்திருந்தால் அந்தக் கீ தானாகச் செத்திருக்கும்.

காலாவதி வைத்தால் மாற்றுவதற்கு வசதியும் வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரே கீ என்று கட்டுப்படுத்தினால், புதியதை உருவாக்கும் நொடியில் பழையது செத்து வாடிக்கையாளரின் சேவை நின்றுவிடும். அந்தப் பயத்திலேயே யாரும் கீயை மாற்ற மாட்டார்கள். குறைந்தது இரண்டு கீகள் ஒரே நேரத்தில் இயங்கட்டும். புதியதைப் பொருத்தி, பழையதில் போக்குவரத்து நின்றதைப் பார்த்து, பிறகு ரத்து செய்யட்டும். அதற்காகவே ‘கடைசியாகப் பயன்பட்ட நேரம்’ என்ற நெடுவரிசை தேவை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதை எழுதினால் டேட்டாபேஸ் திணறும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும்.

இந்தத் தகவலின் மதிப்பை, இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் சொன்ன நிகழ்வில் காணலாம். 2023 அக்டோபரில், லாகின் சேவை தரும் ஒக்டா நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் அவர்களுடைய சான்றுகளும் வெளியேறின. ஆயிரக்கணக்கில் இருந்தவற்றில் ஒரு சேவை டோக்கனும் மூன்று சேவைக் கணக்குகளும் மட்டும் மாற்றப்படாமல் விடுபட்டன; பயன்பாட்டில் இல்லை என்று தவறாக நினைத்ததே காரணம். நவம்பரில் தாக்குபவர்கள் அவற்றைக் கொண்டே உள்ளே வந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத கீ என்று தெரிந்தால் அதை ரத்துதான் செய்ய வேண்டும், மாற்றாமல் விட்டுவைக்கக் கூடாது.

ரத்து உண்மையில் எவ்வளவு விரைவில் அமலாகிறது என்பதையும் அளந்து பாருங்கள். வேகத்துக்காகச் சரிபார்ப்பு முடிவை ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பில் ஒரு மணி நேரம் கேச் செய்திருந்தால், ரத்து செய்த கீ அந்த ஒரு மணி நேரமும் வேலை செய்யும். ஜேடபிள்யூடி டோக்கனை (தகவலும் அதற்கான கையொப்பமும் உள்ளேயே இருக்கும் டோக்கன்) நீண்ட கால ஏபிஐ கீயாகக் கொடுத்தவர்களுக்கு இது இன்னும் கடினம்: கையொப்பத்தை மட்டும் சோதித்து உள்ளே விடும் அமைப்பில், காலாவதி வரும்வரை ரத்து செய்ய வழியே இல்லை. ரத்து செய்யும்போது கேச் பதிவையும் சேர்த்து அழியுங்கள், கேச் ஆயுளை 30, 60 விநாடிக்குள் வையுங்கள். ஊழியர் கணக்கு முடக்கப்படும்போது அவர் உருவாக்கிய கீகளும் முடங்குகின்றனவா என்று தானியங்கி டெஸ்ட் ஒன்று எழுதி வையுங்கள். பட்டனை அழுத்தி ரத்து செய்த பின், அதே கீயோடு ஒரு கோரிக்கை அனுப்பி 401 (அனுமதி இல்லை என்ற பதில்) வரும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று அந்த டெஸ்டிலேயே அளக்கலாம்.